நாற்றமும் நாற்காலியும்

கண்ணால் கண்டதைச் சொன்னால் சாட்சி என்கிறார்கள். காதால் கேட்டதைச் சொன்னால் விசாரிக்கிறோம் என்கிறார்கள். ஆனால், "ஐயா, எங்கள் தெருச் சாக்கடையிலே பெட்ரோல் நாற்றம் வீசுகிறது" என்று மூட்டை தூக்கும் தோழர் ஒருவரோ, குழாயடியில் குடத்தோடு காத்து நிற்கும் தாய் ஒருவரோ சென்று சொன்னால், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மூக்கைச் சுளிக்கிறார் — நாற்றத்துக்காக அல்ல, சொல்ல வந்தவரைப் பார்த்து! மனு வாங்கிக் கொள்ளப்படுகிறது. மேசைமேல் வைக்கப்படுகிறது. அதன்மேல் இன்னொரு மனு வைக்கப்படுகிறது.

அப்படிக் கிடத்தப்பட்ட முறையீட்டின்மேல் இருநூறுக்கு மேற்பட்ட பிணங்கள் வந்து விழுந்த வரலாறு ஒன்று உண்டு. நடந்தது நம் நாட்டில் அன்று. மெக்சிகோ நாட்டில், குவாதலஹாரா என்னும் பெருநகரில், 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள். கடல் கடந்த ஊர்க் கதை நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். எண்ணெய்க் குழாயும் எண்ணெய்க் கிடங்கும் எங்கெங்கே ஏழையின் குடிசைக்கு அண்டை வீடாக இருக்கின்றனவோ அங்கெல்லாம் அது சொந்த ஊர்க் கதைதான். மணலியும் தண்டையார்ப்பேட்டையும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தப் பொருளின் குணத்தைப் பார்ப்போம். மண்ணிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது, இலேசான பகுதி முதலில் ஆவியாகி மேலே வருகிறது. கனமான பகுதி அடியில் தங்குகிறது. மேலே வரும் அந்த இலேசான திரவங்களின் கூட்டத்துக்குத்தான் நாப்தா என்று பெயர். பெட்ரோலுக்கு அதுவே தாய்ச்சரக்கு. பிளாஸ்டிக்குக்கும் அதுவே. உரத்துக்கும் அதுவே! 2019ஆம் ஆண்டு வரை மணலி உர ஆலையில் யூரியா தயாரானது நாப்தாவைக் கொண்டுதான். அதன்பிறகே இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். ஆலைத் தொழிலாளி வால்வைத் திருப்பி அனுப்பிய நாப்தாதான் உழவன் நாற்றங்காலில் வெள்ளைக் குருணையாய்த் தூவப்பட்டது. ஆகவே நாப்தா நமக்கு அந்நியப் பொருளன்று. அதன் பங்காளிகளும் நமக்குத் தெரிந்தவர்களே: டிங்கர் பட்டறையில் வண்ணம் கரைக்கும் தின்னர், செருப்புத் தைக்கும் தோழர் கையிலிருக்கும் பசையின் கரைப்பான், பிண்ணாக்கில் எஞ்சிய எண்ணெயைக் கறந்தெடுக்கும் ஆலைகளில் ஓடும் ஹெக்சேன்.

இவை அத்தனைக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெயைச் சாதாரண வெயிலில் ஒரு தட்டில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினால் அது சற்றுத் தயங்கும். சூடேறி, ஆவி எழுந்த பிறகே பற்றும். பெட்ரோலுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. தண்ணீர் உறையும் குளிரிலும், அதற்கு வெகு கீழே இறங்கிய குளிரிலும், பற்றிக்கொள்ளப் போதுமான ஆவியை அது எழுப்பிக்கொண்டே இருக்கும். 23 பாகை வெப்பத்துக்குக் கீழேயே பற்றக் கூடிய ஆவியைத் தருவனவற்றை நமது பெட்ரோலியச் சட்டம் 'ஏ' வகுப்பு என்று தனியே பிரித்து வைத்திருப்பது அதனால்தான். நம் ஊரில் எந்த நாளில் வெப்பம் 23 பாகைக்குக் கீழே போகிறது? மார்கழி விடியலில் போனால் உண்டு!

எரிவது எண்ணெயல்ல, தோழர்களே, எண்ணெயின் ஆவி. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. புகையைப்போல் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் படுத்துக் கிடக்கும். சாக்கடை, கிணறு, படிக்கட்டின் அடி, குழி வெட்டி வேலை செய்பவன் நிற்கும் இடம் ஆகியவைதாம் அதற்குப் பிடித்த இருப்பிடங்கள். இருக்கட்டும், இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூறு பங்கு காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ ஒன்றரைப் பங்குக்குக் குறைந்தால் பற்றாது. ஏழரைப் பங்கைத் தாண்டினாலும் பற்றாது. இடைப்பட்ட அளவில் இருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய் கொடியது என்று பழைய தொழிலாளிகள் சொல்வதன் காரணம் இதுவே. காயலான் கடையில் "காலிதானே" என்று பீப்பாயை வெட்டத் தொடங்கிய எத்தனை கைகள் போயிருக்கின்றன! நிறைந்ததில் ஆவிக்கு இடமில்லை. காலியானதில் ஆவியும் இருக்கிறது, அதற்கு வேண்டிய காற்றும் இருக்கிறது.

இனி குவாதலஹாராவுக்கு வருவோம்.

அந்நகரில் அனால்கோ என்றொரு பகுதி. உழைப்பவர்களும் சிறு கடைக்காரர்களும் நெருங்கி வாழும் பழைய பேட்டை. ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு முதலே அங்குள்ளவர்கள் பாதாளச் சாக்கடை மூடிகளின் வழியே பெட்ரோல் நாற்றம் எழுவதாக முறையிட்டார்கள். கண் எரிகிறது, தொண்டை கரிக்கிறது, குமட்டல் எடுக்கிறது என்றார்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் அதே நாற்றம் என்றார்கள். மறுநாள் நகராட்சியின் ஆட்கள் வந்தார்கள். சோதித்தார்கள். சாக்கடையில் பெட்ரோல் ஆவி மிகுதியாக இருப்பதைக் கருவிகளும் காட்டின. அதற்கும் மறுநாள் மூடிகளைத் திறந்து வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

மக்களை வெளியேற்றினார்களா? இல்லை! தேவையில்லை என்று மேயர் கருதினார். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, அஞ்ச வேண்டாம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அஞ்ச வேண்டாம் என்று சொன்னவர் எவருடைய வீடும் அந்தத் தெருவில் இல்லை என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

புதன்கிழமை, 22ஆம் நாள், காலை 10 மணி கடந்து சில நிமிடங்கள். பள்ளிக்கு விடுமுறை வாரம். பிள்ளைகள் வீட்டிலே இருந்தார்கள். முதல் வெடி கேட்டது. பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று — சாக்கடை சென்ற வழியெல்லாம், ஒரு மணி நேரத்துக்கு மேலாக, தெரு தெருவாக நிலம் பிளந்துகொண்டே சென்றது. சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலைகள் அகழிகளாயின. பேருந்துகளும் லாரிகளும் தூக்கி எறியப்பட்டன. சில வண்டிகள் வீட்டுக் கூரைமேல் போய் உட்கார்ந்தன. மாண்டவர் அரசுக் கணக்கிலேயே இருநூறுக்கு மேல். அது குறைந்த கணக்கு என்று பிழைத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வீடிழந்தவர் பல்லாயிரவர்.

காரணம் என்ன? கண்டுபிடித்தார்கள். கேட்டால் வியப்பாக இருக்கும். இவ்வளவு சிறியதா என்று தோன்றும். சலமான்கா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குவாதலஹாராவுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் எஃகுக் குழாய் மண்ணுக்குள் ஓடுகிறது. அதன்மேல் நெருக்கமாக, துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பிற்காலத்தில் பதித்திருந்தார்கள். ஈர மண்ணில் இரண்டு வேறு உலோகங்கள் நெருங்கிக் கிடந்தால் மின்கலத்தில் நடப்பதுபோல் மண்ணுக்குள்ளேயே ஒரு வினை நடக்கும். அதில் ஒன்று அரிபடும். எஃகுக் குழாய் அரித்தது. துளை விழுந்தது. பெட்ரோல் மண்ணில் ஊறிச் சாக்கடைக்குள் இறங்கியது.

அது மட்டும் என்றாலும் ஒருவேளை ஓடி வடிந்திருக்கும். நகரில் அப்போது சுரங்க ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. குறுக்கே வந்த சாக்கடையை வளைத்து, பாதைக்கு அடியில் 'ப' எழுத்தைப்போல் இறக்கி, மறுபுறம் ஏற்றிவிட்டிருந்தார்கள். தண்ணீர் அந்த வளைவில் நிறைந்து நின்று மறுபுறம் போகும், ஆவி போகாது! கழிவு நீர் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் ஆவி பின்னாலேயே தேங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர்க் குழாய் பதித்தவர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். ரயில்காரர் தம் வேலையைச் செய்தார். சாக்கடைக்காரர் தம் வேலையைச் செய்தார். ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியாது. மூன்றும் சேர்ந்து என்ன ஆகின்றன என்பதை அறிந்தவர் அந்த ஊரில் ஒரே ஒரு கூட்டத்தார்தாம் — அனால்கோவின் தெருவாசிகள். அவர்கள் அதை மூக்கால் அறிந்தார்கள். ஆகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையை நம் தோழர்கள் முகம் கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தக் குழாய் யாருடையது? கொள்ளை இலாபக் கம்பெனி ஒன்றுடையதா? அன்று. பெமெக்ஸ் என்னும் அரசு நிறுவனத்துடையது. 1938ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் அந்நியக் கம்பெனிகளின் எண்ணெய் வளத்தைப் பறிமுதல் செய்து நாட்டுடைமையாக்கினார். தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய கூலியைக் கொடு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கொடுக்க மறுத்த கம்பெனிகள் அவை. நட்ட ஈடு கட்ட வேண்டுமே என்று நாடு கலங்கியபோது ஏழைப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நகை இருந்தவள் நகையைக் கழற்றினாள். நகை இல்லாதவள் வளர்த்த கோழியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படி எழுந்தது பெமெக்ஸ். உலகத் தொழிலாளர் வரலாற்றில் பொன்னெழுத்துப் பக்கம் அது. மறுப்பதற்கில்லை.

அந்தப் பக்கத்தைத் திருப்பினால் 1992 வருகிறது! கோழி கொடுத்தவளின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த தெருக்களைப் போன்ற தெருக்கள் பிளந்து கிடக்கின்றன. "குழாய் எங்களுடையது, பெட்ரோல் எங்களுடையது, பொறுப்பும் எங்களுடையது" என்றா அந்த மக்கள் நிறுவனம் சொன்னது? பக்கத்திலிருந்த சமையல் எண்ணெய் ஆலை ஒன்று ஹெக்சேனைச் சாக்கடையில் விட்டுவிட்டது, அதனால்தான் வெடித்தது என்று முதலில் கை காட்டப்பட்டது. ஹெக்சேன் வெடிக்கும் பொருள்தான். பழி பொருத்தமாகத்தான் தைக்கப்பட்டது. பிறகு மண்ணைத் தோண்டியபோது துளை விழுந்த பெட்ரோல் குழாய் வெளிப்பட்டது.

மேயர் பதவி இழந்தார். மாநில ஆளுநர் நாற்காலியை விட்டு இறங்க நேர்ந்தது. அதிகாரிகள் சிலர் சிறைப்பட்டார்கள். பிறகு வெளியே வந்தார்கள். இறுதியில் தண்டனை பெற்றவர் எவருமில்லை. கால் போனவர்களும் கை போனவர்களும் மருத்துவ உதவிக்காகவும் மாதத் தொகைக்காகவும் பல்லாண்டு நடையாய் நடக்க வேண்டியிருந்தது.

இதை எழுதினால் பொதுத்துறையைக் குறை சொல்கிறாயா, தனியாருக்கு வால் பிடிக்கிறாயா என்று கேட்கக்கூடியவர்கள் நம்மிலேயே உண்டு. அவர்களுக்கும் விடை சொல்ல வேண்டியதுதான். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்தது தனியார் எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 11ஆம் நாள் விடியற்காலை, தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்க, அளவு காட்டும் மானி சிக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. நிறைந்தால் தானே நிறுத்த வேண்டிய காப்புக் கருவியும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, ஆவி மூடுபனிபோல் பரவி, வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. நாற்பதுக்கு மேற்பட்டோர் காயத்தோடு தப்பினார்கள். இதுவே வேலை நாளின் நண்பகலாக இருந்திருந்தால்? தனியார் வந்தால் மானி சிக்காது என்று எவரும் எழுதிக் கொடுக்க முடியாது. உடைமை யாருடையது என்பது பெரிய கேள்வி. அந்தக் கேள்வியில் நம் நிலை மாறவில்லை. ஆனால் நாட்டுடைமை என்ற பலகையை மாட்டியவுடன் பெட்ரோல் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது. நமது நிறுவனம் என்று எவ்வளவுக்கு உரிமை கொண்டாடுகிறோமோ, அவ்வளவுக்கு அதனிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை வேண்டும். கோழி கொடுத்தவளுக்கு இல்லாத உரிமையா அமைச்சருக்கு?

நம் நாட்டிலேயே 2009ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மாலை ஜெய்ப்பூரில் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கு எரிந்ததை மறந்துவிட்டோமா? தொட்டியிலிருந்து பெட்ரோலைக் குழாய்க்குத் திருப்பும் வேலையில் திறப்பு ஒன்று வழிவிட்டுப் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. அதை அடைக்கப் போன தொழிலாளியை ஆவி அமுக்கிவிட்டது. காப்பாற்றப் போனவர்களையும் அது விடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடியே வால்வை மூடுவதற்கான ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அது பல ஆண்டுகளாகச் செயலற்றுக் கிடந்தது என்பதை விசாரணை செய்த எம்.பி. லால் குழு எடுத்துக் காட்டியது. ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகப் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கிடங்கு முழுவதும் ஒரே வெடியாக வெடித்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் கிடங்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளியாட்களும் உண்டு. ஏறத்தாழ பதினொரு நாள் எரிந்தது. ஒரு மணி நேரம் என்பது சிறு பொழுதா? ஒரு பேட்டையையே காலி செய்துவிடலாம், சொல்வதற்கு ஆளும் கேட்பதற்குக் காதும் இருந்தால்.

பிரேசில் நாட்டின் குபாத்தாவ் நகரில் விலா சோக்கோ என்றொரு சேரி இருந்தது. சதுப்பு நிலத்தில் கால் நட்டுக் கட்டிய பலகைக் குடிசைகள். அவற்றின் அடியில் அரசு நிறுவனத்தின் பெட்ரோல் குழாய். 1984 பிப்ரவரி 24ஆம் நாள் இரவு குழாய் கசிந்து, பெட்ரோல் நீரின்மேல் மிதந்து பரவியது. நாற்றம் ஊரெல்லாம் வீசியது. நள்ளிரவு கடந்து பற்றிக்கொண்டது. மாண்டவர் 93 பேர் என்றது அரசு. ஆனால் குடும்பத்தோடு எரிந்து போனவர்களுக்காக வந்து பெயர் கொடுக்க எவர் இருந்தார்? உண்மைக் கணக்கு அதைப்போல் பல மடங்கு என்று அன்று முதல் பலர் சொல்லி வருகிறார்கள். "குழாய்மேல் குடிசை போட்டது அவர்கள் குற்றம்" என்று அப்போதும் சொன்னார்கள். எந்த நாட்டிலும் இந்த வாசகத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

மக்களை வெளியேற்றச் சொன்னால் அதிகாரி ஏன் தயங்குகிறார்? அவர் கொடியவர் என்பதாலன்று. அவருடைய கணக்கு வேறு. வெளியேற்றி, ஒன்றும் நடக்காவிட்டால், "வீண் பீதி கிளப்பினான்" என்று மேலிடம் அவரைக் கேட்கும். வெளியேற்றாமல் விட்டு, ஒன்றும் நடக்காவிட்டால், ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வெளியேற்றாமல் விட்டு, வெடித்துவிட்டால்? அது ஆயிரத்தில் ஒருமுறைதானே என்று நினைத்துக்கொள்கிறார். ஆயிரத்தில் அந்த ஒருமுறைக்கு உரியவன் கோப்பில் கையெழுத்திடுபவன் அல்லன்; தெருவில் தூங்குபவன். பணயம் ஒருவனுடையது, ஆட்டம் இன்னொருவனுடையது — இந்த ஏற்பாட்டைத்தான் நாம் மாற்றக் கேட்கிறோம்.

மூக்கை நம்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூக்கு களைத்துப் போகும். நாள் முழுதும் கிடங்கில் நிற்பவனுக்குச் சற்று நேரத்தில் நாற்றமே தெரியாமல் போய்விடும். அதனால்தான் வெளியிலிருந்து வருகிறவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறோம். மூக்கு அளவு சொல்லாது என்பதும் உண்மை. அளவு சொல்லக் கருவி இருக்கிறது. மூக்கு சொன்னவுடன் கருவி வர வேண்டும். கருவி சொன்னவுடன் ஆள் வெளியேற வேண்டும். குவாதலஹாராவில் மூக்கும் சொன்னது, கருவியும் சொன்னது, நாற்காலிதான் சொல்லவில்லை.

ஆலைக்குள் வேலை செய்பவனுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. போபால் கொடுமைக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது 41-எச் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான தொழில் நடக்கும் ஆலையில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி நியாயமாக அஞ்சினால் அதை நிருவாகியிடமும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். நிருவாகிக்கும் அது ஆபத்து என்று பட்டால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். படவில்லையா? "ஆபத்தில்லை, போ" என்று சொல்லி அனுப்ப அவருக்கு அதிகாரம் கிடையாது. விஷயத்தை உடனே ஆய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும். ஆய்வாளர் சொல்வதே முடிவு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த எச்சரிக்கை உரிமை இடம் பெற்றிருக்கிறது. எத்தனை தோழர்கள் இதை அறிவோம்? எத்தனை ஆலை வாயில்களில் இதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஒப்பந்தக் கூலியாக வந்து தொட்டி கழுவும் இளைஞனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்? சொன்னால் நாளை வேலை இருக்காது என்று அஞ்சுகிறவனிடம் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லி என்ன பயன் என்றும் கேட்கலாம். சங்கம் எதற்கு இருக்கிறது என்பதுதான் அதற்கு விடை. அவன் பெயரில் எழுத வேண்டாம். சங்கத்தின் பெயரில் எழுதுவோம்.

இந்த உரிமை ஆலையின் மதிலோடு நின்றுவிடுகிறது. ஆவி நிற்பதில்லை! மதிலுக்கு வெளியே இருப்பவன் சொன்னால், குழாய்க்குச் சொந்தக்காரர்களே வந்து பார்த்து, சொந்தக்காரர்களே ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் 2013ஆம் ஆண்டு என்ன நடந்தது? அடிகுழாயை அடித்தவர்கள் வாளியில் எண்ணெய் நாறும் நீரைக் கண்டார்கள். துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எண்ணெய் கொண்டுவரும் பூமிக்கடிக் குழாயில் கசிவு. அதையும் முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அன்று. தண்ணீர் இறைத்த கைகளும் முகர்ந்த மூக்குகளும்தான். பிறகு அது பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே வெடிக்கவில்லை. அது அந்த மக்களின் நல்லூழ். நல்லூழை நம்பி நகரம் நடத்த முடியுமா?

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆலைக்குள் இருக்கும் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்ததைத் தெருவில் இருப்பவனுக்கும் கொடுக்க வேண்டும். எண்ணெய் நாற்றம் என்று தெருவாசிகள் முறையிட்டால், குழாய்க்குச் சொந்தமில்லாத அதிகாரி ஒருவர் கருவியோடு அன்றே வந்தாக வேண்டும். அவர் அளந்த அளவைத் தெருவில் ஒட்ட வேண்டும். பற்றக்கூடிய அளவுக்கு ஆவி ஏறிக்கொண்டிருக்கிறது என்று கருவி காட்டினால், எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் ஆட்களை அப்புறப்படுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அப்படிச் செய்து ஒன்றும் நடக்காமல் போனால் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது. மண்ணுக்குள் எது எங்கே ஓடுகிறது என்ற படம் — தண்ணீர்க் குழாய், சாக்கடை, எண்ணெய்க் குழாய், மின்கம்பி, ரயில் பாதை எல்லாம் ஒரே தாளில் — ஒவ்வொரு வட்டத்து மாநகராட்சி அலுவலகத்திலும் தொங்க வேண்டும். அனால்கோவில் அந்த ஒரு தாள் இல்லாமல் போனதால் வந்த வினையைப் பார்த்தோம்.

கேட்டுப் பெற வேண்டியது இது. கேட்காமலே நமக்கு உரியது ஒன்றும் உண்டு. அபாயப் பொருள்களைப் பெருமளவில் வைத்திருக்கும் இடங்களைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு, அங்கே என்ன இருக்கிறது, விபத்து நேர்ந்தால் எப்படி நேரும், அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் சொல்கின்றன. ஆலைக்கு வெளியே உள்ளவர்களுக்கான அவசர காலத் திட்டமும் மாவட்ட அளவில் இருந்தாக வேண்டும். எண்ணெய்க் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தோழர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: இந்த அறிவிப்பு உங்களுக்கு வந்ததா? எந்த ஆண்டு வந்தது? தமிழில் வந்ததா?

வரவில்லை என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். தெருவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திடுங்கள். படிக்காதவர் கைநாட்டு வைக்கட்டும். நகல் இரண்டு எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக் கிளை அலுவலகத்தில் கோப்பில் போட்டு வையுங்கள். பாதாளச் சாக்கடையில் இறங்கும் துப்புரவுத் தோழர்களிடம் மாதம் ஒருமுறையாவது பேசுங்கள். மூடியைத் திறந்தவுடன் என்ன மணம் வருகிறது என்பது ஊரில் வேறு எவரைக் காட்டிலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.